ஆட்டத்துக்கு முந்தின நாள்

அன்புள்ள அக்கா,

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சில நண்பர்கள் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் ரசிகர்கள். சென்னைக்குப் போய் ஆட்டம் பார்ப்பதைவிடக் கொச்சி எங்களுக்குப் பக்கம். அதனால் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியோடு அங்கே ஆட்டம் என்றால் வேன் பிடித்துப் போய்விடுவோம். மதியம் கிளம்புவோம், ஆட்டம் பார்ப்போம், விடியற்காலை வீடு. இந்த முறை ஒரு நாள் முன்னதாகக் கிளம்பி, வழியில் ஊர்களைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்றேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. "மேட்ச் பார்க்கப் போறோமா, டூர் போறோமா? ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெட்டுரும்" என்கிறார்கள். இங்கிலாந்தில் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் ரசிகர்கள் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்து திரிவதாகப் படித்திருக்கிறேன். நம் பக்கம் அது சரிப்படுமா? எந்த வழியாகப் போகலாம்? நீல ஜெர்சியோடு கேரளக் கிராமங்களில் இறங்கினால் ஏதும் வம்பு வருமா?

ம., பொள்ளாச்சி

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆட்டத்தை முதலில் வைத்து, ஊர் சுற்றுவதை மறுநாளைக்குத் தள்ளினால் இரண்டும் கெடத்தான் செய்யும். தோற்ற இரவுக்கு மறுநாள் அருவி எங்கே கொட்டினாலும் கண்ணில் ஏறாது. ஜெயித்திருந்தால் எல்லோரும் வண்டியில் தூங்குவார்கள். அதனால் ஊரை முதலில் பாருங்கள், ஆட்டத்தைக் கடைசியில் வையுங்கள். அப்படிச் செய்தால் எதுவும் கெடாது. ஆட்டமே வேறு மாதிரி தெரியும். இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் மலையாளமும். என் தம்பி பிளாஸ்டர்ஸ், அவன் மகன் சென்னையின் எஃப்.சி. மஞ்சளும் நீலமும் எங்கள் வீட்டுக் கொடியில் ஒன்றாகத்தான் காயும். இங்கிருந்து மேற்கே ஆட்டம் பார்க்கப் போகும்போதெல்லாம் பகலில் போவதையே வழக்கமாக வைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

மலப்புறத்தில் தங்கியிருந்த பிரிட்டிஷ் படையிடமிருந்துதான் பந்து அந்த ஊர்களுக்குள் வந்தது என்று சொல்வார்கள். 1921-இல் உருவான மலபார் ஸ்பெஷல் போலீஸ், பிற்பாடு பேர்பெற்ற கால்பந்து அணியாகவும் வளர்ந்தது. ஆனால் பந்து வந்தால் மட்டும் போதுமா? ஆட இடம் வேண்டுமே. பாலக்காட்டில் கண்ணுக்கு எட்டிய வரை தட்டையாகக் கிடக்கும் வயல், மண்ணார்க்காடு தாண்டி பெரிந்தல்மண்ணாவை நெருங்க நெருங்கச் சுருங்கிக்கொண்டே வரும். செம்மண் குன்று, சரிவில் தென்னையும் கமுகும், அடியில் ஒடுங்கின வயல், உடனே அடுத்த குன்று. பக்கத்து அங்காடிப்புறத்தில் பார்த்த இந்தக் கல்லுக்குத்தான் பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியான தன் பயண நூலில் லேட்டரைட் என்று பெயரிட்டார். அதற்கு அங்கே நினைவுச்சின்னம்கூட இருக்கிறது. அப்படிப்பட்ட பூமியில் 105 மீட்டர் நீளத்துக்கும் 68 மீட்டர் அகலத்துக்கும் ஒரே சமமான இடம் எத்தனை ஊரில் கிடைக்கும்? அறுப்பு முடிந்த வயல் கிடைக்கும். அதில் ஏழு பேர் ஆடலாம்.

அணிக்கு ஏழு பேர் ஆடும் இந்த செவன்ஸ் மலபாரில் இப்படி வேர்விட்டதற்கு அந்த நிலத்தின் அமைப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தோன்றியது. சின்ன இடத்தில் ஆடிப் பழகியவன் பந்தோடு சட்டென்று திரும்புவான். இடைவெளி கிடைத்த கணத்தில் அடித்துவிடுவான். கூட்டமும் அப்படித்தான். மூங்கிலும் கமுகும் கட்டிய கேலரியில், ஓடுகிறவன் மூச்சு கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் த்ரோ இன்னுக்குக்கூட அப்படி ஒரு இரைச்சல் எழும்புவதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ராத்திரி வேனில் போய் ராத்திரியே திரும்புகிறவருக்கு அது வெறும் சத்தம். வயலைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

இங்கிலாந்து விஷயம் கேட்டிருந்தீர்கள். அங்கே முதல் நான்கு அடுக்குகளில் உள்ள 92 கிளப்புகளின் மைதானங்களையும் பார்த்து முடித்தவர்களுக்கென்று 1978 முதல் ஒரு சங்கமே இருக்கிறது. தனியார் வயலுக்கு நடுவில் போகும் பாதையில்கூட யாரும் நடக்கலாம் என்று சட்டமே உரிமை தந்திருக்கிறது, பலகை நட்டிருக்கும், வரைபடமும் உண்டு. நமக்கு அந்த வசதி இல்லை. நமக்கு இருப்பவை வாய்க்கால் கரை, வரப்பு, ஒவ்வொரு வளைவிலும் நிற்கும் லோக்கல் பஸ், நாலு மணி டீக்கடை. இவை போதும். ஆனால் வரப்பு பொதுவழி அல்ல, ஒருவர் பயிர் வைத்திருக்கும் இடம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இங்கிலாந்து ரசிகர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. எங்கே போவது என்பதை ஆட்ட அட்டவணையிடமே விட்டுவிடுவது. சுற்றுலா என்று கிளம்பினால் நாம் எல்லோரும் மூணாறுக்கும் ஆலப்புழைக்கும்தான் போவோம். மஞ்சேரிக்கு யார் போவார்கள்? 2022-இல் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி அங்கே பையநாடு மைதானத்தில் நடந்தபோது நாங்கள் போனோம். தமிழ்நாடு அதில் இல்லை, இருந்தும் போனோம். ஷொரனூரிலிருந்து நிலம்பூர் போகிற 66 கிலோமீட்டர் ஒற்றைத் தண்டவாளத்தில் முதல் நாளே ஏறிவிட்டோம். இருபுறமும் மரங்கள் வண்டியைத் தொடுகிற மாதிரி வரும். ஒவ்வொரு ஸ்டேஷனும் யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டம் போல இருக்கும். 1927-இல் முழுதாகத் திறந்த பாதை, இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள், சுதந்திரத்துக்குப் பிறகுதான் திரும்பப் போட்டார்கள். நிலம்பூரில் 1840-களில் நட்ட தேக்குத் தோட்டம் இன்னும் நிற்கிறது. அதன் அடியில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

அந்த மே 2-ஆம் தேதி இறுதி ஆட்டம். மறுநாள் பெருநாள். நோன்பு முடிந்த இரவில் அந்த ஜில்லாவே மைதானத்துக்கு வந்துவிட்டது போல் இருந்தது. கூடுதல் நேரத்தில் வங்காளம் ஒரு கோல் போட்டதும் பக்கத்தில் இருந்த பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது கேரளம் திருப்பிப் போட்டது. பெனால்டியில் 5-4. அவர் யாரென்றே தெரியாது, என் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த ராத்திரியில் அந்த அழுகை எங்களுக்கு விளங்கியதற்கு, முந்தைய நாள் அந்த ஊர்களில் பஸ் மாறி மாறிப் போய் வந்ததும் ஒரு காரணம். ஒவ்வொரு முக்கிலும் யாராவது பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, உங்கள் வழிக்கு வருகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து கொச்சிக்கு, வாளையார் பக்கம் சுற்றாமல், கோவிந்தாபுரம் வழியாக முதலமடை, கொல்லங்கோடு, நென்மாறை, வடக்கஞ்சேரி என்று போங்கள். முதல் நாள் பொழுது முழுவதையும் கொல்லங்கோட்டுக்கும் நென்மாறைக்கும் நடுவில் செலவிடலாம். தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர் போல நிற்கும், அடிவாரம் வரை நெல், வரப்பெல்லாம் பனை. மழை முடிந்த கையோடு போனால் மலையில் வெள்ளைக் கோடுகளாகத் தண்ணீர் இறங்குவது சாலையிலிருந்தே தெரியும். டிசம்பர், ஜனவரியில் போனால் தண்ணீர் குறைவு, ஆனால் கணவாய்க் காற்று அடிக்கும். நம் பக்கத்திலிருந்து கிளம்பி பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து திருச்சூர் வரை வீசுகிற அதே கிழக்குக் காற்று, நீங்கள் போகும் திசையிலேயே கூட வரும். பிப்ரவரி வாக்கில் என்றால் முதலமடை மாந்தோப்புகளில் அறுவடை நடக்கும். முதலமடை ரயில் நிலையத்தில் இறங்கி, அந்த ஆலமரங்களுக்குக் கீழே பத்து நிமிடம் நிற்காமல் போகாதீர்கள். நேரம் இருந்தால் நென்மாறையிலிருந்து போத்துண்டி அணைக்கரை வரை போய்வாருங்கள். நெல்லியாம்பதி மேலே ஏறினால் ஒரு நாள் முழுதாகப் போய்விடும், இந்தப் பயணத்துக்கு அது வேண்டாம்.

ராத்திரி நென்மாறையிலோ திருச்சூரிலோ தங்கிவிடுங்கள். திருச்சூரில் தங்கினால் காலையில் மாநகராட்சி ஸ்டேடியம் பக்கம் நடந்துவிட்டு வரலாம். இந்திய அணிக்கு ஆடிய ஐ.எம். விஜயன் சிறுவனாக சோடா விற்றது அங்கேதான். அந்தப் பையன் பின்னால் கேரளா போலீஸ் அணியில் ஆடினார், 1990-இல் அதே திருச்சூரில் ஃபெடரேஷன் கோப்பை வென்ற அணி அது. மைதானம் என்றால் அதற்கு வெளியே என்னவெல்லாம் இருக்கிறது என்று உங்கள் நண்பர்களுக்கு நான் விளக்குவதைவிட அந்த வாசலில் நிறுத்திவிடுவது சுலபம்.

வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடியில் இறங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அழகான சாலை. ஆனால் வனத்துறை செக்போஸ்டில் நேரக் கட்டுப்பாடு உண்டு, மாலைக்கு மேல் விடமாட்டார்கள். ஆட்டத்தன்று அந்த வழியை வைத்துக்கொள்ளவே வேண்டாம். ஒரு மரம் விழுந்தால் முடிந்தது.

கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா அணி ஆடும் ஆட்டத்துக்கு எப்போதாவது போனால், நான் மேலே சொன்ன மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா சாலை. அல்லது நிலம்பூரிலிருந்து சாலியார் ஆற்றை ஒட்டி அரிக்கோடு வழியாக இறங்குங்கள். அரிக்கோட்டில் சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்றாலே அந்த ஊர் ஏன் கால்பந்து ஊர் என்பது புரிந்துவிடும். தெற்கே குமரி எல்லையில் தூத்தூர், நீரோடி, அதைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர் என்று கடற்கரை மணலிலேயே வீரர்களை வளர்க்கும் ஊர்கள் வரிசையாக உண்டு. அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

ஜெர்சி பற்றி. தாராளமாகப் போடுங்கள். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு அருகே புள்ளாவூரில் ஆற்றுக்கு நடுவில் மெஸ்ஸிக்கும் கரையில் நெய்மருக்கும் கட்அவுட் வைத்த ஜனங்கள் இவர்கள். வேற்று அணிச் சட்டை போட்டவரைப் பார்த்தால் வம்புக்கு வரமாட்டார்கள், பேச்சுக்கு வருவார்கள். டீக்கடையில் "களி காணான் வந்ததாணோ?" (ஆட்டம் பார்க்க வந்தீர்களா?) என்று கேட்டதும் ஆமாம் என்று சொல்லுங்கள், அரை மணி நேரம் போய்விடும். உங்கள் தமிழ் அவர்களுக்குப் புரியும். ஸ்டேடியத்தில் மட்டும் வெளியூர் ரசிகர்களுக்கான இடத்திலேயே டிக்கெட் எடுங்கள். ஜெயித்த ராத்திரி கூட்டத்துக்குள் நடக்கும்போது மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்வது மரியாதை.

இனி வயல். கொல்லங்கோட்டு வயல்கள் போனில் பிரபலமானதிலிருந்து வரப்பு மிதிபட்டு இடிகிறது. மடை உடைந்து தண்ணீர் போனால் யாருக்கு நஷ்டம்? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. களத்தில் ஆள் இருந்தால் கேட்டுவிட்டு இறங்குங்கள், ஒற்றை வரிசையில் நடங்கள், பாட்டிலை எறியாதீர்கள். தம்பட்டத்தையும் கோஷத்தையும் கலூர் வரை மூட்டைக்குள்ளேயே வையுங்கள். வழியில் ராத்திரி செவன்ஸ் நடந்தால் கட்டாயம் நில்லுங்கள், நவம்பரிலிருந்து மே வரை எங்காவது நடந்துகொண்டே இருக்கும். கேலரி நிரம்பி வழிந்தால் மட்டும் ஏறாதீர்கள், தரையில் நின்று பாருங்கள். 2020 ஜனவரியில் பாலக்காடு நூரணியில், ஆடும்போதே இறந்துபோன கால்பந்து வீரர் தனராஜன் குடும்பத்துக்காக வைத்த ஆட்டத்தில் தற்காலிக கேலரி சரிந்து பலர் காயப்பட்டார்கள். எங்களுக்கெல்லாம் அது பக்கத்து ஊர்.

ஒன்று விட்டுப்போயிற்று. மதியம் கிளம்பி விடியற்காலை திரும்பும் வேனில் உங்கள் வீட்டுப் பெண்கள் ஏறமாட்டார்கள், ஏற்றவும் மாட்டீர்கள். பகலில் கிளம்பி, ஓர் இரவு தங்கி, வயலும் கோயிலும் பார்த்துக்கொண்டு போகிற பயணத்தில் தங்கையும் அம்மாவும்கூட வரலாம். கலூரில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், நானே பார்க்கிறேன். ஒத்துக்கொள்ளாத அந்தப் பாதிப் பேரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

தேதி மாறும், நேரம் மாறும். அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பதிவு செய்யுங்கள். ஆட்டத்தன்று வண்டியை ஆலுவா மெட்ரோ நிலையத்தில் விட்டுவிட்டு மெட்ரோவில் போங்கள். ஜே.எல்.என். ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினால் மைதானம் எதிரிலேயே. திரும்பும் டிக்கெட்டைப் போகும்போதே எடுத்துவிடுங்கள், ஆட்டம் முடிந்ததும் அங்கே வரிசை தெருவுக்கு வந்துவிடும். டிரைவருக்கும் தூக்கம் வேண்டும், அன்றைய இரவையும் ஆலுவாவிலேயே தங்கிக் காலையில் கிளம்புங்கள்.

அன்புடன்,
அக்கா