கையால் அழுத்திப் பார்த்து மெத்தை வாங்காதீர்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 47. பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் நின்றுகொண்டே செய்யும் வேலை. ஓராண்டாகக் காலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இடது தோளும் வலிக்கிறது. சமையலை முடித்துத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுவதற்குள் வலி போய்விடும். ஒருக்களித்துப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். எங்கள் ஸ்பிரிங் மெத்தை வாங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. தீபாவளி போனஸில் முழுக்க ஃபோமால் ஆன மிருதுவான மெத்தை வாங்க ஆசை. கடையில் கையை வைத்தால் மணிக்கட்டு வரை அமிழ்கிறது. மாமியாரோ, "பாயை விரித்துத் தரையில் படு, வலி ஓடிவிடும்" என்கிறார். கணவர் லோரி ஓட்டுநர், 98 கிலோ. நான் 58 கிலோ. இரவில் எனக்கு அடிக்கடி வியர்த்துக் கொட்டுகிறது. வார இறுதியில் மகளும் நான்கு மாதப் பேரனும் வந்து என்னோடு ஒரே கட்டிலில் படுப்பார்கள். எந்த மெத்தை எனக்கு ஏற்றது?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, மெத்தைக்கு முன் உங்கள் இடுப்பைப் பற்றிப் பேசிவிடுகிறேன். எழுந்து நடமாடிய கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும் வலி, பெரும்பாலும் தசைகளும் மூட்டுகளும் இரவு முழுதும் தவறான நிலையில் கிடந்ததால் வருவது. பள்ளம் விழுந்த மெத்தைக்கு அதில் பங்கு இருக்கலாம். இதை உறுதிப்படுத்த ஓர் எளிய வழி உண்டு. உறவினர் வீட்டிலோ வெளியூரிலோ தங்கி எழுந்த காலைகளில் இடுப்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அங்கெல்லாம் வலி குறைவாக இருந்திருந்தால், மெத்தைக்குச் செலவழிப்பது நியாயமான செலவு. எங்கே படுத்தாலும் அதே வலி என்றால், போனஸ் பணத்தை மெத்தையில் போட்டு ஏமாறாதீர்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் மெத்தைக் கடைக்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது, பின்னிரவில் வலியே உங்களை எழுப்பிவிடுவது, வலி முழங்காலுக்குக் கீழே இறங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல் வருவது ஆகியவை அவை. கால் பலவீனமானாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கும் மலவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ நாளை வரை காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

உங்கள் வியர்வையையும் நான் சாதாரணமாகக் கடந்து போக மாட்டேன். 47 வயதில் அது மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தின் வெப்ப அலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, எடைக் குறைவோ கூட இருந்தால் காசநோய்ப் பரிசோதனை தேவை. அரசாங்க சுகாதார கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டில் இதைத் தொடங்கிவிடலாம்.

இனி, மாமியாரின் பாய். அவர் சொல்வதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் துறையிலும் பல காலம் முதுகு வலிக்காரர்களுக்குப் பலகையைத்தான் எழுதிக் கொடுத்தோம். அந்த நம்பிக்கையை அசைத்தது 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மிகக் கெட்டியான மெத்தையும், மற்றவர்களுக்கு நடுத்தர உறுதியுள்ள மெத்தையும் கொடுத்தார்கள். யாருக்கு எது கிடைத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, படுத்திருக்கும்போதும் எழும்போதும் வலி குறைந்திருந்தவர்கள் நடுத்தர மெத்தைக்காரர்களிடையேதான் அதிகம். கெட்டித்தனமே மருந்து என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

ஆனால் அந்த ஆய்வு மணிக்கட்டு வரை அமிழும் மெத்தைக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. கடையில் உங்களை மயக்கிய அந்த மென்மை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பத்து ஃபிரிங்கி கடற்கரையில் காய்ந்த மணலில் படுத்திருப்பீர்கள். மேல் மணல் இடுப்புக்கும் தோளுக்கும் விலகி இடம் கொடுக்கும்; ஒரு சாணுக்குக் கீழே இருக்கும் ஈர மணல் உடம்பை அதற்கு மேல் இறங்க விடாமல் தாங்கும். நல்ல ஃபோம் மெத்தையும் அப்படித்தான். மேலே இடம் கொடுக்கும் ஓர் அடுக்கு, கீழே அசையாத ஓர் அடுக்கு. மேல் அடுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் இருந்தால் உங்கள் எடைக்குப் போதும். மேலும் கீழும் மிருதுவாகவே இருக்கும் மெத்தை சேறு போன்றது. ஒருக்களித்துப் படுக்கும்போது உடம்பின் கனமான பகுதியான இடுப்பு அதில் தாழ்ந்துகொண்டே போகும். முதுகெலும்பு தொட்டில் சேலை போல வளைந்துவிடும். முதல் இரண்டு நாள் சொர்க்கம் மாதிரித் தெரியும். இரண்டு மாதத்தில் இப்போதிருக்கும் பள்ளத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

அதே சமயம், ஒருக்களித்துப் படுக்கும் உங்களுக்கு மேல் அடுக்கில் மென்மை கட்டாயம் வேண்டும். தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் மெத்தை இடம் கொடுக்காவிட்டால் உடம்பின் பாரம் அந்த இரண்டு இடங்களிலேயே இறங்கும். உங்கள் இடது தோள் வலியை நான் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன். தரைப் பாய் உங்களுக்கு ஒத்துவராது என்று சொல்வதும் இதனால்தான். மல்லாந்து படுத்துப் பழகியவர்களுக்கு அது ஒத்துவரலாம்.

விற்பனையாளரிடம் "மிருதுவா, கெட்டியா" என்று கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். அடர்த்தி எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அடர்த்தி. மென்மை வேறு, அடர்த்தி வேறு. மிக மிருதுவான ஃபோமும் அதிக அடர்த்தியோடு இருக்க முடியும். அதுதான் ஆண்டுக்கணக்கில் உருக்குலையாமல் உழைக்கும். அடி அடுக்கு 30 கிலோவுக்குக் குறையாமலும், மேலே மெமரி ஃபோம் (உடம்புச் சூட்டில் இளகும் ஃபோம்) என்றால் 50 கிலோவுக்குக் குறையாமலும் இருப்பதையே நான் என் நோயாளிகளுக்குச் சொல்கிறேன். இந்த எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள். "ஆர்த்தோபெடிக்" என்று உறையில் பொறித்திருப்பதற்கு மயங்காதீர்கள்; எலும்பு மருத்துவர்கள் கூடி நிர்ணயித்த அளவுகோல் எதுவும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இல்லை. வலியோடு வருகிறவர்களிடம் அந்த ஒரு சொல்லைக் காட்டிக் கூடுதல் விலை வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மெமரி ஃபோம் 1966இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளின் அதிர்வைத் தாங்க உருவானது. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. நம் ஊரில் அந்தக் குணமே சங்கடம் தருகிறது. கடையில் குளிர்சாதனம் ஓடுகிறது. அங்கே மெமரி ஃபோம் சற்று இறுக்கமாக இருக்கும். உங்கள் படுக்கையறையில் காற்றாடி மட்டும் என்றால், 27, 28 டிகிரி இரவில் அதே மெத்தை இன்னும் இளகிவிடும். குளிர்ந்த கடையிலேயே மணிக்கட்டு அமிழ்ந்தது என்றால் வீட்டில் இடுப்பின் கதி என்ன ஆகும்? போதாக்குறைக்கு, உடம்பை அணைத்துக்கொள்ளும் ஃபோம் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தூங்கத் தொடங்கும்போது உடலின் உள் வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்க விடாவிட்டால் தூக்கம் கலையும். வியர்வையில் விழித்துக்கொள்ளும் உங்களுக்கு முழு மெமரி ஃபோம் மெத்தையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லேட்டெக்ஸைப் பாருங்கள். ரப்பர் பாலில் செய்யும் அதுவும் ஃபோம்தான், ஆனால் அமுக்கியதும் எதிர்த்துத் தாங்கும், அமிழ்த்தி வைத்துக்கொள்ளாது. அச்சில் வார்க்கும்போதே ஊசித் துளைகள் விழுவதால் காற்றும் ஓரளவு நடமாடும். நம் நாட்டிலேயே செய்கிறார்கள். (என் அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் விடியும் முன் பால் மரம் வெட்டப் போனவர். அந்தப் பாலில் வார்த்த மெத்தையில் அவர் ஒரு நாளும் படுத்ததில்லை. லயத்து வீட்டின் பலகைத் தரைதான். ஒவ்வொரு முறை இந்தப் பெயரைச் சொல்லும்போதும் அது எனக்கு நினைவுக்கு வருகிறது.) விலை கூடுதல்தான். முழு லேட்டெக்ஸ் கட்டுப்படியாகாவிட்டால், அடர்த்தியான சாதாரண ஃபோம் அடித்தளத்தின் மேல் 5 சென்டிமீட்டர் லேட்டெக்ஸ் அடுக்கு உள்ள மெத்தை உங்களுக்கு நன்றாகவே பொருந்தும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும்.

கணவரின் 98 கிலோவையும் உங்கள் 58 கிலோவையும் ஒரே மெத்தை தாங்குவது கடினம். உங்களுக்கு நடுத்தரமாக இருப்பது அவருக்குப் பள்ளமாகும். அந்தச் சரிவில் நீங்களும் அவர் பக்கம் உருளுவீர்கள். நான் பல தம்பதியருக்குச் சொல்லும் வழி இது. கிங் அளவு மெத்தையின் அகலம் ஆறு அடி. சிங்கிள் மூன்று அடி. இரண்டு சிங்கிள் மெத்தைகளை ஒரே கட்டிலில் அருகருகே போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடலாம். அவருக்கு உறுதியானது, உங்களுக்கு மேலே மென்மையானது. லோரியிலிருந்து அவர் நள்ளிரவில் வந்து படுத்தாலும் உங்கள் பக்கம் அசையாது. அவர் உரக்கக் குறட்டை விடுகிறாரா, இடையில் மூச்சு நின்று திணறுகிறாரா என்றும் கவனியுங்கள். இருந்தால் மூச்சுத் தடைப் பரிசோதனை அவசியம். நெடுஞ்சாலையில் லோரி ஓட்டுகிறவர் பகலில் கண்ணயரக் கூடாது.

கடையில் கையால் அழுத்திப் பார்ப்பது ஒன்றையும் சொல்லாது. கைக்கு உங்கள் இடுப்பின் எடை இல்லை. வெட்கப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுப்பதுபோல ஒருக்களித்துப் பதினைந்து நிமிடம் படுங்கள். கணவர் பின்னால் நின்று பார்க்கட்டும். பிடரியிலிருந்து வால் எலும்பு வரை முதுகெலும்பு ஒரே கோடாகத் தெரிந்தால் சரி. இடுப்பு தாழ்ந்திருந்தால் மெத்தை உங்களுக்கு அதிக மிருது. இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவே மெத்தையில் ஒட்டாமல் இடைவெளி தெரிந்தால் அதிகக் கெட்டி. தலையணையையும் கூடவே எடுத்துப் போங்கள். மெத்தையில் தோள் இறங்க இறங்க, தலையணையின் உயரமும் குறைய வேண்டும். இல்லையென்றால் இடுப்பு வலி போய் கழுத்து வலி வரும். வீட்டில் முழங்கால்களுக்கு இடையே ஒரு சிறு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பின் மாற்றிக்கொள்ள எத்தனை நாள் தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். புதிய மெத்தைக்கு உடம்பு பழக மூன்று நான்கு வாரம் ஆகும்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிய பழக்கத்தில் ஃபோமையும் வெயிலில் போட்டுவிடாதீர்கள். ஃபோமும் லேட்டெக்ஸும் வெயிலில் உதிரும். புது வாசனை போகும் வரை நிழலில் காற்றாட வையுங்கள். தரையிலும் போடாதீர்கள், நம் ஈரப்பதத்தில் அடியில் பூஞ்சை பிடித்துவிடும், இடைவெளிவிட்ட பலகைக் கட்டில்தான் நல்லது. படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். தூசிப் பூச்சி ஃபோமில் வராது என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் அவரை இந்த மெத்தைக்கு மாற்றாதீர்கள். முழு ஃபோம் மெத்தையின் ஓரம் அமுங்கும். அங்கே உட்கார்ந்து எழுவது வயதானவர்களுக்குச் சிரமம், விழுந்தும்விடுவார்கள். பாயிலிருந்தும் எழ முடியாத நாள் வந்தால், உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் பதியும் உயரத்தில், கெட்டியான மெத்தையோடு அவருக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுங்கள்.

கடைசியாக உங்கள் பேரன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்தது அந்த ஒரு வரிதான். நான்கு மாதக் குழந்தையை மிருதுவான மெத்தையில் படுக்க வைக்கவே கூடாது. லேட்டெக்ஸ், மெமரி ஃபோம், ஸ்பிரிங் எதுவாக இருந்தாலும் சரி, இரண்டு பெரியவர்களுக்கு நடுவே என்றால் இன்னும் ஆபத்து. குழந்தை புரளத் தொடங்கும் வயது இது. குப்புறப் புரண்டு முகம் ஃபோமில் புதைந்தால், தலையைத் தூக்கித் திருப்பும் வலு அதற்குப் போதாமல் போகலாம். அழுகைச் சத்தம் கூட வராமல் மூச்சு நின்றுவிடும். நீங்கள் எவ்வளவு விழிப்பாகத் தூங்குகிறவராக இருந்தாலும் அது உங்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தனியாக, சமமான, கெட்டியான ஒரு படுக்கை வேண்டும். மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் அதில் இருக்கக் கூடாது. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மெத்தை தீபாவளி வரை காத்திருக்கட்டும். அவன் படுக்கையை இந்த வார இறுதிக்குள் ஏற்பாடு செய்துவிடுங்கள்.