பதிவை நேரலையாக விடுவது: கேள்வி பதில்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு சுற்று வட்டாரக் கல்யாணங்களையும் கோயில் விசேஷங்களையும் படம்பிடிப்பது என் தொழில். முன்பே எடுத்து வைத்த வீடியோவை நேரலையாக விடுவது பற்றி டெல்டா பக்கத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

அண்ணே, தங்கச்சிக்கு விடிகாலை முகூர்த்தம். லண்டனில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அப்போது நடுராத்திரி. எடுத்ததைச் சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி விட முடியுமா? (மன்னார்குடி)

யூடியூபில் 'பிரீமியர்' இருக்கிறதே தம்பி, அதுவே போதும். வீடியோவை ஏற்றி நேரம் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் எல்லோருக்கும் ஒன்றாக ஓடும். பக்கத்திலேயே அரட்டையும் இருக்கும். ஏற்றி முடித்த பிறகு உங்கள் வீட்டில் கரண்ட் போனாலும் கவலையில்லை. ஐப்பசி மழையில் இது பெரிய நிம்மதி.

ஆனால் பிரீமியர் எல்லோர் கண்ணிலும் படும்படிதான் போகும். சொந்தக்காரர்கள் மட்டும் பார்க்கட்டும் என்றால், லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் 'அன்லிஸ்டட்' நேரலையாக 'ஓபிஎஸ்' என்ற ஒளிபரப்பு மென்பொருள் வழியே விடுங்கள்.

மாப்பிள்ளைச் சம்பா நாற்றங்கால் பற்றி 40 நிமிட வீடியோ வைத்திருக்கிறேன். அதை ஓட்டிவிட்டு, அப்புறம் நானே வந்து விவசாயிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். (திருத்துறைப்பூண்டி)

இதற்கு ஓபிஎஸ் ஸ்டுடியோதான் சரி. இலவச மென்பொருள். இரண்டு 'சீன்' போட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றில் 'மீடியா சோர்ஸ்' சேர்த்து உங்கள் வீடியோ, இன்னொன்றில் கேமராவும் மைக்கும். 'லூப்' டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீடியோ முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து ஓடும். யூடியூப் தரும் 'ஸ்ட்ரீம் கீ'யை ஓபிஎஸ்ஸில் ஒட்டினால் இணைந்துவிடும். அந்தக் கீயை யாருக்கும் அனுப்பாதீர்கள். அது கையில் இருந்தால் உங்கள் சேனலில் யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம்.

வீடியோ ஓடும்போது மைக்கை மியூட் செய்வதை மறக்காதீர்கள். ஒருமுறை ஒரு வீட்டின் நிச்சயதார்த்தப் பதிவை விட்டபோது நான் மறந்துவிட்டேன். கடையில் இன்னொருவரோடு பேசிய பணக் கணக்கு அவர்கள் வீட்டு மங்கள இசைக்கு மேலே போய்விட்டது. அந்த வீட்டுப் பெரியவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் வேறொரு போனில் நானே பார்வையாளராக உட்கார்ந்து கேட்காமல் எந்த நிகழ்ச்சியையும் விடுவதில்லை.

சேனலில் இதுவே முதல் நேரலை என்றால், அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். முந்தின நாளே கேட்டு வையுங்கள்.

போன் ஹாட்ஸ்பாட் தாங்குமா? (வேதாரண்யம்)

720பி தரத்துக்கு விநாடிக்கு 4 மெகாபிட் வைத்தால் மணிக்கு 1.8 ஜிபி அளவு போகும். டேட்டாவைவிட அப்லோட் வேகம்தான் முக்கியம். 6, 7 மெகாபிட் நிலையாகக் கிடைக்காவிட்டால் பிரீமியருக்கே போங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் குடமுழுக்கை எடுத்து வைத்திருக்கிறோம். 'நேரலை' என்று போட்டால் கூட்டம் வரும் என்கிறார்கள். போடலாமா? (திருவாரூர் அருகே)

வேண்டாம் ஐயா. எப்போது நடந்தது என்று சொல்லிவிட்டு விடுங்கள்.

சிங்கப்பூரில் ஓர் அம்மா குளித்து, விளக்கேற்றி, போன் முன்னால் உட்கார்ந்திருப்பார். கலசத்தில் தண்ணீர் விழும் அந்த நொடியில் கை கூப்புவார். 'இப்போது நடக்கிறது' என்ற நம்பிக்கையில் கூப்பும் கை அது. அவரிடம் பொய் சொல்லிப் பத்துப் பேர் கூடுதலாக வந்து நமக்கு என்ன ஆகப்போகிறது? தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு 2020 பிப்ரவரி 5 அன்று நடந்தது. அந்தப் பதிவை இன்றைக்கு ஒருவர் 'நேரலை' என்று ஓட்டினால், விவரம் தெரியாதவர் நம்பிப் பஸ் ஏறிவிடுவார்.

தலைப்பிலேயே 'பதிவு' என்று போட்டு, திரையின் மூலையில் தேதியை எழுதுங்கள். ஓபிஎஸ்ஸில் 'டெக்ஸ்ட்' சேர்க்க ஒரு நிமிடம் ஆகாது. அப்படி எழுதியும் எங்கள் பக்கத்துக் கோயில் பதிவை வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்து முழுதாகப் பார்த்திருக்கிறார்கள். அர்ச்சகரோ ஊர்ப் பெரியவரோ அரட்டையில் இருந்து, 'இது இரண்டாம் கால பூஜை' என்று சொல்லிக்கொண்டு வந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

நாதஸ்வரத்தில் சினிமாப் பாட்டு வாசித்திருக்கிறார்கள். பதிப்புரிமைச் சிக்கல் வருமா? (மயிலாடுதுறை)

வரலாம். மண்டபத்து ஸ்பீக்கரில் ஓடிய அசல் பாட்டு என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். நேரலையில் பிடிபட்டால் ஒளிபரப்பே நடுவில் நிற்கலாம். பிரீமியருக்கு ஏற்றும்போதே யூடியூப் சோதித்துச் சொல்லிவிடும். அந்த இடத்தை வெட்டிவிட்டு நிம்மதியாக விடலாம்.

ஓதுவார் பாடிய தேவாரப் பதிவுகளை 24 மணி நேரமும் ஓட்ட ஆசை. (திருவையாறு)

நல்ல ஆசை. முதலில் ஓதுவாரிடம் அனுமதி கேளுங்கள், திரையில் அவர் பெயரும் பதிகத்தின் பெயரும் இருக்கட்டும். ஓபிஎஸ்ஸில் 'விஎல்சி சோர்ஸ்' சேர்த்தால் பல பதிவுகளை வரிசையாகச் சுற்றவிடலாம். 12 மணி நேரத்தைத் தாண்டிய நேரலையை யூடியூப் சேமித்து வைக்காது. அதனால் ஒவ்வொரு பதிகத்தையும் தனி வீடியோவாகவும் ஏற்றிவிடுங்கள்.