'யாண்டர்' எவ்வளவு தூரம்?

கேள்வி: பழைய ஆங்கிலக் கதைகளில் 'யாண்டர்' (yonder) என்றொரு சொல் வருகிறது. அகராதியில் 'அங்கே' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 'தேர்' (there) என்றே எழுதியிருக்கலாமே?

பதில்: எழுதியிருக்கலாம். ஆனால் நீட்டிய விரல் காணாமல் போயிருக்கும். 'தேர்' என்பது கண்ணில் படாத ஊரையும் குறிக்கும். யாண்டர் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டும், கைக்கு எட்டாது. நம்மிடம் அதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் இருக்கிறது: 'அதோ'. 'அதோ, அந்த ஆலமரத்தடியில்' என்று சொல்லிப் பாருங்கள், கை தானாக உயரும்.

1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் ஓர் இடம். ஆபிரகாம் மூன்றாம் நாள் தாம் போகவேண்டிய இடத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறார். அடுத்த வசனத்திலேயே வேலைக்காரர்களைக் கழுதையோடு நிறுத்திவிட்டு, நானும் பையனும் 'யாண்டர்' போய்த் தொழுதுவிட்டு வருகிறோம் என்கிறார். முதலில் கண்ணில் பட்டது, பிறகுதான் சொல் வந்தது. தமிழ் பைபிளில் அது 'அவ்விடமட்டும்' என்று இருக்கிறது. பொருள் சரி, விரல்தான் இல்லை.

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில் 'ஜன்னல்' என்ற சொல்லுக்கு முன்னால் யாண்டர் வருகிறதே, அதுவும் 'அங்கே' போல வினையடையா?

பதில்: இல்லை, அங்கே பெயரடை, 'அதோ அந்த ஜன்னல்'. அமெரிக்க விமானப்படைப் பாட்டில் பெயர்ச்சொல்லாகவே வருகிறது. 'வைல்ட் ப்ளூ யாண்டர்' என்று அவர்கள் பாடுவது வானத்தை.

கேள்வி: நம் 'யாண்டு'தான் யாண்டர் ஆனதா?

பதில்: இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியந்திருப்பேன். இல்லை. ஈண்டு என்றால் இங்கே, ஆண்டு என்றால் அங்கே, யாண்டு என்றால் எங்கே. 'என் மகன் யாண்டு உளன்' என்ற புறநானூற்று வரியில் யாண்டு வினாச்சொல். யாண்டர் சுட்டுச்சொல்; கேள்வியும் பதிலும் ஒன்றாகுமா? ஆங்கிலச் சொல்லின் வேர் 'யான்' (yon) என்ற ஆங்கிலப் பழஞ்சொல். ஜெர்மன் மொழியின் 'யேனர்' அதற்கு உறவு. ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'உது', 'உவன்' என்கிறோம். அந்த உகரச் சுட்டுதான் யாண்டரா?

பதில்: அருமையான இடத்தைத் தொட்டீர்கள், ஆனால் அளவு மாறுகிறது. இ, அ, உ மூன்றையும் தொல்காப்பியம் சுட்டு என்கிறது. அதில் உகரம் நடுவில் இருப்பது: எனக்கு அருகிலும் இல்லை, வெகு தொலைவிலும் இல்லை, பல நேரம் கேட்பவர் பக்கம். ஆங்கிலத்தில் 'ஹியர், தேர், யாண்டர்' என்று அடுக்கினால் யாண்டர் கடைசிப் படி. மூன்று படி என்பது பொது. படியின் இடம் வேறு.

கேள்வி: இன்று யாராவது இதைப் பேசுகிறார்களா? அலுவலகக் கடிதத்தில் எழுதலாமா?

பதில்: அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அப்பலாச்சியன் மலைப்பகுதியிலும் 'ஓவர் யாண்டர்' இன்னும் வாய்ப்பேச்சில் உண்டு. கடிதத்தில் வேண்டாம். மேலாளருக்குத் தமிழில் 'கோப்பு யாண்டு உளது?' என்று எழுதினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகும்.