நிகழ்தகவும் எண்ணும் முறைகளும்: வகுப்பறைக் கேள்வி பதில்

பத்தாம் வகுப்பில் நிகழ்தகவும் பதினொன்றாம் வகுப்பில் வரிசை மாற்றமும் (வரிசையைக் கணக்கில் கொண்டு அடுக்குதல்) சேர்வும் (வரிசை பாராமல் தேர்ந்தெடுத்தல்) நடத்துவோரும் படிப்போரும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் முதுகலைக் கணித ஆசிரியர்.

கேள்வி (ஆசிரியை): சார், பெருக்கல் விதியைச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். கணக்கு கொடுத்தால் எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது என்று விழிக்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: சட்டை, பேன்ட் கணக்கை ஒத்திவையுங்கள் டீச்சர். தமிழ் வகுப்பில் அவர்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்த ஒன்று இருக்கிறது: சீர் வாய்பாடு. அசை இரண்டே வகை, நேர், நிரை. ஈரசைச்சீர் எத்தனை? முதல் இடத்துக்கு 2 வழி, அது எதுவானாலும் இரண்டாம் இடத்துக்கு 2 வழி, ஆக 2 × 2 = 4. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று வகுப்பே ஒப்பிக்கும். மூவசைச்சீர் 2 × 2 × 2 = 8. காய் நான்கு, கனி நான்கு. நாலசைச்சீர் 16. வாய்பாட்டில் ஒன்றுகூட விடுபடவில்லை, ஒன்றுகூட இருமுறை வரவில்லை என்பதைக் கரும்பலகையில் மரப்படம் போட்டுக் காட்டுங்கள். எண்ணுவது என்றால் இதுதான் என்று அப்போது பிடிபடும்.

கூட்டலும் இங்கேயே வந்துவிடும். ஈரசை அல்லது மூவசைச் சீர்கள் மொத்தம் எத்தனை? ஒரு சீர் இரண்டில் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும், அதனால் 4 + 8 = 12. வேலை முடிய இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும் என்றால் பெருக்கு. இதுவோ அதுவோ ஒன்று போதும் என்றால் கூட்டு, ஆனால் இரண்டுக்கும் பொதுவானது இல்லையென்று பார்த்த பிறகு.

இன்னொரு படி போகலாம். மூவசைச்சீர் எட்டில் சரியாக இரண்டு நிரை உள்ளவை எவை? கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி. மூன்றுதான். மூன்று இடங்களில் நிரைக்கு இரண்டு இடம் தேர்ந்தெடுக்கும் வழிகளும் மூன்று. நிரை 0, 1, 2, 3 என்று பிரித்தால் 1, 3, 3, 1 வரும். இப்போது இயற்கணிதத்தில் படித்த (நே + நி)³ விரிவை எழுதச் சொல்லுங்கள்: நே³ + 3நே²நி + 3நே நி² + நி³. அதே எண்கள். அடைப்புக்குறி மூன்றிலும் ஒவ்வொன்றாய் எடுத்துப் பெருக்குவதும் சீர் அமைப்பதும் ஒரே வேலை என்பதை அவர்களே சொல்லும் வரை காத்திருங்கள். சேர்வு என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

கேள்வி (ஆசிரியர்): இரண்டு பகடை உருட்டினால் கூடுதல் 2 முதல் 12 வரை, 11 விடைகள்தானே, அதனால் 7 வர நிகழ்தகவு 1/11 என்று ஒரு மாணவன் அடித்துச் சொல்கிறான். கூறுவெளி, அதாவது வரக்கூடிய எல்லா விளைவுகளும், 36 என்று திருத்தினாலும் ஏற்க மறுக்கிறான்.

பதில்: அவன் மறுப்பது நியாயமானது. (1, 6), (6, 1) இரண்டும் ஏன் வேறு வேறு என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. ஒரு பகடை சிவப்பு, ஒன்று வெள்ளை எடுங்கள். சிவப்பு 1 வெள்ளை 6 வேறு, சிவப்பு 6 வெள்ளை 1 வேறு என்பது கண்ணுக்குத் தெரியும். நிறத்தை மாற்றினால் பகடையின் ஓட்டம் மாறாது, ஆகவே ஒரே நிறமானாலும் எண்ணிக்கை அதேதான். 6 × 6 கட்டம் போட்டால் 7 ஒரு மூலைவிட்டம் முழுக்க 6 கட்டங்களில் உட்காரும், 2 ஒரே கட்டத்தில். 6/36, 1/36.

அதோடு விடாதீர்கள், உருட்டவும் வையுங்கள். 40 பேர், ஆளுக்கு 25 முறை, மொத்தம் 1000. அவன் கணக்குப்படி 7 ஏறக்குறைய 91 முறையும் 2 ஏறக்குறைய 91 முறையும் வர வேண்டும். நம் கணக்குப்படி 7 சுமார் 167, 2 சுமார் 28. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதால் ஒரே பாடவேளையில் தீர்ப்பு கிடைத்துவிடும். 167 அப்படியே வராது. 143 முதல் 190 வரை எது வந்தாலும் இயல்பே, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆளுக்கு 25 மட்டும் பார்த்தால் ஒருவனுக்கு 7 இரண்டே முறை வரலாம், இன்னொருவனுக்கு எட்டு முறை வரலாம். அதனால் தனித்தனியாக முடிவு சொல்ல விடாமல் வகுப்பு முழுவதையும் கூட்டுங்கள்.

கூறுவெளியில் உள்ளவை அனைத்தும் சமவாய்ப்பு உள்ளவையாக இருந்தால் மட்டுமே 'சாதகமானவை வகுத்தல் மொத்தம்' செல்லும். அந்த நிபந்தனையைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது, பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு மாணவி): சார், வரிசை மாற்றமா சேர்வா என்று கணக்கைப் பார்த்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது? 'தேர்ந்தெடு' என்று இருந்தால் சேர்வு என்று டியூஷனில் சொன்னார்கள்.

பதில்: அந்தச் சொல்லை நம்பாதேம்மா. 11 பேரிலிருந்து கேப்டனையும் துணைக் கேப்டனையும் தேர்ந்தெடு என்றாலும் 'தேர்ந்தெடு'தான், ஆனால் விடை 11 × 10 = 110. தண்ணீர் கொண்டுவர இருவரைத் தேர்ந்தெடு என்றால் 55. சோதனை இது: ஒரு விடையை எழுது, அதில் இரண்டு பேரை இடம் மாற்று. புது விடையாகிறதா? ஆகிறது என்றால் வரிசை மாற்றம், ஆகாவிட்டால் சேர்வு.

எதற்காக வகுக்கிறோம் என்பதை ஒருமுறை கையால் எழுதிப் பார். அ, இ, உ, எ, ஒ ஐந்தில் மூன்றை வரிசையாக எடுக்க 5 × 4 × 3 = 60 வழி. அதில் அஇஉ, அஉஇ, இஅஉ, இஉஅ, உஅஇ, உஇஅ ஆறும் ஒரே குழு. எல்லாக் குழுவும் இப்படி ஆறாறு முறை வந்திருக்கின்றன. 60 ÷ 6 = 10.

கேள்வி (அதே மாணவி): 'தாத்தா' எழுத்துகளை மாற்றி அடுக்கினால்?

பதில்: தா, த், தா. இரண்டு 'தா' ஒன்றே, அதனால் 3! ÷ 2! = (3 × 2 × 1) ÷ (2 × 1) = 3. 'பப்பாளி'யில் வகுக்காதே. ப, ப், பா, ளி நான்கும் வேறு எழுத்துகள், விடை 24.

கேள்வி (ஆசிரியர்): 'குறைந்தது ஒன்று' கணக்கில் தொடர்ந்து கூட்டியே எழுதுகிறார்கள். நான்கு முறை பகடை வீசினால் குறைந்தது ஒரு 6 வர 4/6 என்கிறார்கள்.

பதில்: அவர்கள் வழியிலேயே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். 6 முறை வீசினால் 6/6, நிச்சயம் வரும் என்றாகும். 7 முறைக்கு 7/6. நிகழ்தகவு 1ஐத் தாண்டியதும் பிழை அவர்களுக்கே தெரியும். காரணம், இரண்டு வீச்சிலும் 6 விழுந்த நிலைகள் இருமுறை எண்ணப்படுகின்றன. எதிர்ப்புறமாக வாருங்கள்: ஒருமுறைகூட 6 வராமல் இருக்க (5/6)⁴ = 625/1296. மீதி 671/1296, ஏறக்குறைய 0.518.

1654இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதத்தில் அலசிய சூதாட்டக் கேள்விகளில் இதன் தொடர்ச்சியும் உண்டு: இரண்டு பகடையை 24 முறை வீசினால் ஒரு (6, 6) கிடைக்க வாய்ப்பு பாதிக்கு மேலா? 1 − (35/36)²⁴ ஏறக்குறைய 0.491. பாதிக்குச் சற்றுக் கீழே. 6 விடைகள் உள்ள ஒரு பகடைக்கு 4 வீச்சு போதும், 36 விடைகள் உள்ள இரண்டு பகடைக்கு 24 போதும் என்று விகிதம் போட்டவர்கள் இங்கே ஏமாந்தார்கள். பிள்ளைகளிடம் கால்குலேட்டரைக் கொடுத்துப் போடவிடுங்கள்.

கேள்வி (பெற்றோர்): ஐந்து முறை தொடர்ந்து தலை விழுந்தால் அடுத்தது பூ வர வாய்ப்பு கூடுதல்தானே?

பதில்: இல்லைங்க. ஆறு சுண்டலுக்கு 64 வரிசைகள். ஐந்து தலை, பிறகு பூ: 1/64. ஆறும் தலை: அதுவும் 1/64. நாணயத்துக்கு முந்தைய சுண்டல் தெரியாது.

கேள்வி (மாணவர்): 0 முதல் 9 வரை உள்ள இலக்கங்களில், திரும்ப வராமல் நான்கிலக்க இரட்டைப்படை எண்கள் எத்தனை? எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது.

பதில்: 0 இரண்டு இடத்தில் தொல்லை தருகிறது தம்பி. முதலில் நிற்கக் கூடாது, கடைசியில் நிற்கலாம். ஒரே பெருக்கலில் முடிக்கப் பார்த்தால் ஆயிரம் இடத்துக்கு 8 வழியா 9 வழியா என்பது கடைசி இலக்கத்தைப் பொறுத்து மாறும், பெருக்கல் விதி அங்கே உடைகிறது. அதனால் கடைசி இடத்தை முதலில் நிரப்பிப் பிரித்துக்கொள். 0இல் முடிந்தால்: 9 × 8 × 7 = 504. 2, 4, 6, 8இல் ஒன்றில் முடிந்தால்: கடைசிக்கு 4, ஆயிரத்துக்கு 8, பிறகு 8, 7, ஆக 1792. கூட்டினால் 2296. விடையைச் சரிபார்க்க ஒற்றைப்படையையும் எண்ணு: 5 × 8 × 8 × 7 = 2240. இரண்டும் சேர்ந்து 4536. இலக்கம் திரும்பாத நான்கிலக்க எண்கள் மொத்தம் 9 × 9 × 8 × 7, அதுவும் 4536.