பட்டாளத்தின் பெருமையை எங்கிருந்து தொடங்குவது?

வடசென்னை பட்டாளத்திலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர் கேட்கிறார்: "வேலைக்கான நேர்காணலில் சொந்த ஏரியாவின் பெயரைச் சொல்லவே எங்கள் பிள்ளைகள் கூசுகிறார்கள். வட்டார வரலாற்றைக் கொண்டு இதை மாற்ற முடியுமா?"

முடியும். ஆனால் பழங்காலக் கல்வெட்டு ஏதேனும் அகப்படுமா என்று தேடிப் புறப்பட வேண்டாம். உங்கள் பெருமை பின்னி மில்லில் இருக்கிறது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று அந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டே உருவானது. அச்சங்கத்தை வழிநடத்திய பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோரின் பெயர்கள் பலருக்கும் தெரியும். ஆனால் தொழிலாளர் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டு, வாடியாவைத் தேடிச் சென்று அழைத்து வந்தவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்னும் இரு உள்ளூர் வணிகர்கள் என்பதைத்தான் உங்கள் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டும்.

ஆலை மூடப்பட்டது 1996இல் என்பதால், அங்கே உழைத்தவர்கள் இன்னும் உங்கள் தெருக்களில் இருப்பார்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சந்தா ரசீது, பழைய புகைப்படம் என்று எது கிடைத்தாலும் வாங்கிச் செல்லாமல், உரியவர் கண்முன்பே கைப்பேசியில் படமெடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு தாள் தொலைந்தாலும் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது. பேட்டியைப் பிள்ளைகளே எடுக்கட்டும். "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் தாத்தா" என்றால் பெரியவருக்குப் பேச்சு வராது. "எந்த ஷிப்ட்? நூற்புப் பிரிவா, நெசவுப் பிரிவா? சங்கு ஊதிய பிறகு வந்தால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டால் நிறுத்த மாட்டார். அவர்கள் சொல்லும் ஆண்டுகளை மட்டும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ கன்னிமாரா நூலகத்துப் பழைய நாளிதழ்களிலோ சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்க வேண்டாமென்று வற்புறுத்திச் சொல்கிறேன். 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் பணிக்குத் திரும்பியதையொட்டிப் புளியந்தோப்பில் சாதி மோதல் மூண்டது, குடிசைகள் எரிந்தன. இதை விட்டுவிட்டு எழுதினால், பாதிக் குடும்பங்கள் 'இது எங்கள் கதை இல்லை' என்று விலகிவிடும். அப்படி விலகுவதில் நியாயமும் உண்டு. இருதரப்புப் பேரப்பிள்ளைகளையும் ஒரே குழுவில் சேர்த்து, அவரவர் வீட்டில் கேட்டதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சேர்ந்தவற்றை நூலாக்கும் அவசரம் வேண்டாம். தொழிலாளர் சங்கம் கூடிய இடம், ஆலை வாசல், தொழிலாளர் குடியிருந்த தெரு ஆகிய இடங்களில், உரிமையாளரின் அனுமதியுடன் எளிய தமிழில் பலகை வையுங்கள். ஆகஸ்ட் 22 சென்னை தினத்தை விட, ஏப்ரல் 27 அன்று பிள்ளைகளே வழிகாட்டும் நடைப்பயணம் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.