வோய், ஃபுய்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதமாகக் கைபேசிச் செயலியில் ஸ்பானிஷ் படிக்கிறேன். 'இர்' என்றால் போவது. ஆனால் 'போகிறேன்' என்பதற்கு 'வோய்', 'போனேன்' என்பதற்கு 'ஃபுய்'. ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. போதாக்குறைக்கு அதே 'ஃபுய்'தான் 'இருந்தேன்' என்பதற்கும். இதற்கு ஸ்பானிஷ் பிறந்த லத்தீனில் ஏதாவது நியாயம் உண்டா?

க.

அன்புள்ள க.,

உண்டு. ஒரே வினை என்று நீங்கள் மனப்பாடம் செய்வது மூன்று வினைகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. 'இர்' வந்தது லத்தீன் 'ஈரே'யிலிருந்து. அதில் 'போகிறேன்' வெறும் 'எஓ', 'போகிறான்' வெறும் 'இத்'. இவ்வளவு குட்டிச் சொற்கள் பேச்சில் காதில் நிற்காது. அந்த இடத்துக்கு விறுவிறுவென்று நடப்பதைச் சொல்லும் 'வாதெரே' வந்து உட்கார்ந்தது. 'வோய்' அதன் வாரிசு. (ஸ்பானியர் சொல்லும்போது கிட்டத்தட்ட 'போய்' என்றே காதில் விழும். தற்செயல்தான். தமிழ்தான் மூலம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

'ஃபுய்' செவ்விய லத்தீனில் 'இருந்தேன்'. ரோமில் இருந்தேன் என்று ஒருவன் சொன்னால் ரோமுக்குப் போயிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அந்த வழியாக இரண்டாவது பொருளும் ஒட்டிக்கொண்டது. குழப்பம் வராது: 'ஃபுவே ஆ மத்ரித்' என்றால் மத்ரித்துக்குப் போனார், 'ஃபுவே மெதிகோ' என்றால் மருத்துவராக இருந்தார். பக்கத்துச் சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு இதைவிடப் பிடித்தவை 'செர்', 'எஸ்தார்'. இரண்டுக்குமே 'இருப்பது' என்றுதான் செயலி சொல்லியிருக்கும். 'எஸ்தார்' என்பது லத்தீன் 'ஸ்தாரே', அதாவது நிற்பது. முன்னால் ஏன் ஒரு 'எ'? நம் ஊரில் 'இஸ்கூல்' என்கிறார்களே, அதே கதை. பள்ளிக்கூடமே அவர்களுக்கு 'எஸ்குவேலா'தான்.

'செர்' இன்னும் வேடிக்கை. பாதி 'எஸ்ஸே', அதாவது இருப்பது. மீதியில் பெரும்பங்கு 'செதேரே', அதாவது உட்கார்வது. உட்கார்வது எப்படி இருப்பது ஆகும் என்று ஒரு ஆங்கிலேயருக்கு விளக்கத்தான் நேரமாகும். வீட்டுக்கு வந்தவரிடம் 'இருங்க' என்று நாற்காலியைக் காட்டுகிற நமக்கு அந்தச் சிரமம் இல்லை. நாற்காலிக்கே 'இருக்கை' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அப்புறம் ஒன்று. நிரந்தரமானதற்கு 'செர்', தற்காலிகமானதற்கு 'எஸ்தார்' என்று எங்காவது படித்திருப்பீர்கள். அதை ரொம்ப நம்பாதீர்கள். செத்துப்போனவருக்கும் ஸ்பானிஷில் 'எஸ்தார்'தான்.