ஃபார்முலா 3-இல் ஒரே ஒரு சீசன் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

ஃபார்முலா 1 மட்டும்தான் பார்க்கிறேன், கீழே இருக்கும் தொடர்களில் ஒரே ஒரு சீசனை முழுசாகப் பார்க்க நேரம் இருக்கிறது, எது என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், 2020 ஃபார்முலா 3, அதாவது ஃபார்முலா 1-க்கு இரண்டு படி கீழே இருக்கும் கார் பந்தயத் தொடர். முடிவு முன்கூட்டியே தெரியக்கூடாது என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் முடிவைச் சொல்லாமல் அந்த சீசனைப் பற்றிப் பேச எனக்கு வராது.

பட்டம் வென்றவர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி. இப்போது ஃபார்முலா 1-இல் மெக்லாரன் அணிக்கு ஓட்டுகிறாரே, அவரேதான். மொத்தம் 18 பந்தயங்கள், அதில் அவர் ஜெயித்தது இரண்டே இரண்டு. போல் பொசிஷன், அதாவது தகுதிச் சுற்றில் முதலிடம், ஒன்றுகூட இல்லை. புள்ளிப் பட்டியலில் நான்காவதாக வந்த ஃபிரெடரிக் வெஸ்டிக்கும் ஐந்தாவதாக வந்த லியாம் லாசனுக்கும் ஆளுக்கு மூன்று வெற்றி! முதல் தடவை அந்தப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் ஏதோ தப்பாக அச்சாகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

இது எப்படி நடந்தது என்பதில்தான் அந்த சீசனின் சுவையே இருக்கிறது. பத்து அணிகள், அணிக்கு மூன்று என்று 30 கார்கள், எல்லாமே டல்லாரா செய்த ஒரே மாதிரி கார், மெக்காக்ரோமின் 3.4 லிட்டர் வி6 இன்ஜின், சுமார் 380 குதிரைத்திறன். டயர் மாற்ற பிட்டுக்குள் வரும் வேலையும் இல்லை. புறப்படும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்று அரை மணி நேரம்தான், அதில் நல்ல சுற்று ஓட்டும்போது முன்னால் ஒருவர் மெதுவாகப் போனால் உங்கள் வார இறுதி அங்கேயே கெட்டுவிடும். பியாஸ்ட்ரிக்கு இதோடு முந்துவதற்காகப் பின் இறக்கையைத் திறந்து வேகம் கூட்டும் டிஆர்எஸ் வேறு சில முறை மக்கர் செய்தது. ஆனாலும் பந்தயம் என்று வந்தால் ஒவ்வொரு இடமாக முன்னேறி, கிடைத்த புள்ளியை மடியில் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்கிற ஆள் அவர்.

அப்புறம் அந்தத் தலைகீழ் வரிசை. ஒவ்வொரு வார இறுதியிலும் இரண்டு பந்தயங்கள். முதல் பந்தயத்தில் முதல் பத்து இடம் பிடித்தவர்கள் இரண்டாம் பந்தயத்தில் அப்படியே திருப்பி நிறுத்தப்படுவார்கள். அதாவது பத்தாவதாக வந்தவர் மறுநாள் முதலாவதாகப் புறப்படுவார், பதினொன்றாவதாக வந்தவர் அதே பதினொன்றில் நிற்பார். எனக்கு முதலில் இது சர்க்கஸ் போலத்தான் பட்டது, ஜெயித்தவனுக்கு எதற்குத் தண்டனை என்று. கடைசி சுற்றில் ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது ஆட்கள் போடும் சண்டையைப் பார்க்கப் பார்க்க மனசு மாறிவிட்டது.

கொரோனாவால் சீசன் ஜூலையில்தான் ஆரம்பித்தது. ஆஸ்திரியாவின் ஸ்பீல்பெர்க்கில் தொடங்கி செப்டம்பர் 13 அன்று இத்தாலியின் முஜெல்லோவில் முடிவதற்குள் ஒன்பது வார இறுதிகள். ஒரு வாரம் சொதப்பினால் உட்கார்ந்து யோசிக்கக்கூட நேரமில்லை. ஸ்பீல்பெர்க்கிலேயே நடந்த இரண்டாவது வார இறுதியில் மழையால் முதல் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி அரைப் புள்ளிதான் கொடுத்தார்கள், வெஸ்டியின் கணக்கு 146.5 என்று முடிந்ததற்கு அதுதான் காரணம். தியோ பூர்ஷேர் அப்போது 16 வயதுப் பையன். அதே வாரம் இரண்டாம் பந்தயத்தை ஜெயித்தார், அடுத்த வாரம் ஹங்கேரியில் இன்னொன்று.

நான் சார்ஜன்ட் பக்கம். லோகன் சார்ஜன்ட் 2019-இல் வேறொரு அணியில் சீசன் முழுக்க ஓட்டி ஐந்தே புள்ளி எடுத்தவர், 2020-இல் பிரேமா அணிக்கு வந்து, பியாஸ்ட்ரிக்கும் வெஸ்டிக்கும் சக ஓட்டுநராக, சீசன் நடுவில் பட்டியலில் முதலிடத்துக்கே வந்துவிட்டார். அப்படி எழுந்து வருகிறவனுக்கு யார்தான் கைதட்டாமல் இருப்பார்கள்.

முஜெல்லோவின் கடைசிப் பந்தயம். அதற்கு முன் புள்ளிகள்: சார்ஜன்ட் 160, பியாஸ்ட்ரி 160, பூர்ஷேர் 151. முதல் சுற்றிலேயே சார்ஜன்ட்டும் லிரிம் செண்டெலியும் மோதி, சார்ஜன்ட்டின் சீசன் முடிந்தது. சத்தியமாக அந்த நிமிடம் திரையை அணைக்கப் போனேன். ஆனால் பூர்ஷேர் முன்னால் போய்க்கொண்டிருந்தார், பியாஸ்ட்ரியோ அந்தப் பொல்லாத பதினொன்றாவது இடத்திலிருந்து புறப்பட்டவர், அவர் புள்ளி எடுக்கிற இடத்துக்கு வந்தாக வேண்டும். லாசன் ஜெயித்தார், பெக்மான் இரண்டாவது, பூர்ஷேர் மூன்றாவது. பியாஸ்ட்ரி ஏழாவது. ஏழாவது இடத்துக்கு நான்கு புள்ளி. முடிவு பியாஸ்ட்ரி 164, பூர்ஷேர் 161, சார்ஜன்ட் 160. ஜெயித்தவர் லாசன் என்பதே அன்று பலருக்கு மறந்துபோயிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். பியாஸ்ட்ரி அடுத்த வருடமே ஃபார்முலா 2 பட்டத்தையும் எடுத்தார். சார்ஜன்ட் ஃபார்முலா 1-இல் வில்லியம்ஸ் அணியில் சேர்ந்து, 2024 சீசன் பாதியில் இடத்தை இழந்தார். பூர்ஷேர் 2023-இல் ஃபார்முலா 2 சாம்பியன், ஆனாலும் ஃபார்முலா 1-இல் அவருக்கு ஒரு இருக்கை அமையவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

18-ஐயும் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் ஸ்பீல்பெர்க்கின் இரண்டு வாரங்களையும் முஜெல்லோவையும் மட்டும் பாருங்கள். அந்தக் கடைசிப் பந்தயத்தில் முன்னால் போகிறவர்களை விட்டுவிட்டு, திரையின் ஓரத்துப் பட்டியலில் பியாஸ்ட்ரி பெயர் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.